ஸ்கேன் செய்த பழைய பிளானை ஆட்டோகேடில் வரைவது எப்படி?

டிராயிங் ஆபீஸில் புதிதாகச் சேர்பவரிடம் சீக்கிரமே வந்து சேரும் வேலை இது. முப்பது, நாற்பது வருடத்துக்கு முன்னால் கட்டிய வீட்டின் பிளானை ஸ்கேன் செய்து கொடுத்து, "இதை கேட் ஃபைலா மாத்திக் கொடுத்துடுங்க" என்பார்கள். வீட்டுக்காரர் மாடி எடுக்கப் போகிறார், அல்லது முன்பக்கம் ஒரு அறை சேர்க்கப் போகிறார். கையில் இருப்பது மடித்த இடமெல்லாம் கிழிந்துபோன ஓர் அமோனியா பிரிண்ட்டின் (அந்தக் காலத்தில் பிளானை நகலெடுத்த முறை) ஸ்கேன்.

ஏதோ ஒரு பட்டனை அமுக்கினால் படம் அப்படியே வரைபடமாகிவிடும் என்று புதியவர்கள் நினைப்பது இயல்புதான். அந்த பட்டன் பல மென்பொருள்களில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் வீட்டு பிளானைப் பொறுத்தவரை அது வேலையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஸ்கேனை அடியில் வைத்து, அதில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்து மேலே புதிதாக வரைவதுதான் வேகமான வழி, நம்பகமான வழியும் அதுதான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த முறையைப் பற்றியது. தானாக மாற்றும் முறை எங்கே உதவும் என்பதைப் பிற்பாடு பார்க்கலாம்.

இங்கே ஆட்டோகேடின் கட்டளைப் பெயர்களைச் சொல்கிறேன். ஜிஸ்டார்கேட், இசட்டபிள்யூகேட், பிரிக்ஸ்கேட் போன்றவற்றிலும் அவை பெரும்பாலும் அதே பெயர்தான். காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு லிப்ரேகேட் இருக்கிறது. அதிலும் படத்தை உள்ளே கொண்டுவந்து மேலே வரையலாம், வசதிகள்தான் குறைவு.

கையில் இருப்பது படமா, கோடா?

எந்த வேலையும் தொடங்கும் முன் இதைப் பாருங்கள். பிடிஎஃப் என்று வருவதெல்லாம் ஸ்கேன் அல்ல. யாரோ கம்ப்யூட்டரில் வரைந்து நேரடியாக பிடிஎஃப் ஆக்கியதாகவும் இருக்கலாம். ஃபைலைத் திறந்து ஒரு கோட்டின் மேல் நன்றாக ஜூம் செய்யுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே நின்றால் உள்ளே இருப்பது நிஜக் கோடுதான். கட்டம் கட்டமாக உடைந்தால் அது புள்ளிகளால் ஆன படம்.

நிஜக் கோடாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆட்டோகேட் 2017 முதல் 'பிடிஎஃப்இம்போர்ட்' என்ற கட்டளை இருக்கிறது. அது கோடுகளைக் கோடுகளாகவே உள்ளே கொண்டுவந்துவிடும். எழுத்துகள் மட்டும் சில நேரம் குட்டிக் குட்டிக் கோடுகளாகச் சிதறி வரும், அவற்றைத் திரும்ப எழுத்தாக்க 'பிடிஎஃப்எஸ்ஹெச்எக்ஸ்டெக்ஸ்ட்' கட்டளை உதவும். உள்ளே வந்தபின் தெரிந்த ஓர் அளவை அளந்து ஸ்கேல் சரிதானா என்று பாருங்கள். அவ்வளவுதான், இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது.

படமாக இருந்தால், அதில் சுவர், கதவு, அளவு என்று எதுவுமே இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி மட்டும். ஃபைல் பெயரின் வாலை மாற்றினாலும், பிடிஎஃப்பை டிடபிள்யூஜி (ஆட்டோகேடின் ஃபைல் வகை) ஆக்கித் தருகிறோம் என்னும் இணையதளத்தில் ஏற்றினாலும் இந்த உண்மை மாறாது.

ஸ்கேன்: கலரிலேயே எடுங்கள்

தாள் உங்கள் கைக்கே கிடைத்தால் பெரிய தாள் ஸ்கேனர் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். செல்போனில் எடுத்த போட்டோ அவசரத்துக்குப் பார்க்க ஆகும், வரைய ஆகாது. கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் செவ்வகம் சரிவகமாகிவிடும், லென்ஸ் ஓரங்களை வளைக்கும், தாளின் மடிப்பு வேறு கோட்டை நெளிக்கும்.

கடைக்காரரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), கலர், டிஃப் அல்லது பிஎன்ஜி ஃபைல். ஜேபிஜி வேண்டாம். ஜேபிஜி இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் பொடிப்பொடியாக அழுக்கு சேர்க்கும், பின்னால் சுத்தம் செய்யும்போது அது நம் உயிரை வாங்கும்.

கறுப்பு வெள்ளைத் தாளை ஏன் கலரில் ஸ்கேன் செய்யச் சொல்கிறேன்? அமோனியா பிரிண்ட்டின் கோடுகள் நீலம் அல்லது ஊதா, வயதான தாளோ மஞ்சளும் பழுப்பும். ஸ்கேனரே கறுப்பு வெள்ளையாக்கினால் மங்கிய கோடும் பழுப்புத் தாளும் ஒன்றாகக் கலந்துவிடும். கலரில் எடுத்தால் அதிலிருந்து சிவப்புச் சேனலை மட்டும் தனியாகப் பிரிக்கலாம். நீலக் கோடு சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், அதனால் அந்தச் சேனலில் அது கறுப்பாகத் தெரியும். பழுப்புத் தாள் சிவப்பைத் திருப்பி அனுப்பும், அதனால் வெளுப்பாகத் தெரியும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத கோடு பளிச்சென்று வெளியே வரும்.

ஏ1 தாள் 594க்கு 841 மி.மீ. 300 டிபிஐயில் அது 7016க்கு 9933 பிக்சல். கலரில் சுருக்காமல் வைத்தால் சுமார் 209 எம்பி. ஃபைல் பெரிதாக வருகிறதே என்று பயப்படாதீர்கள், இது மூலப் பிரதி மட்டும்தான். வேலைக்கு எடுத்துக்கொள்ளும் கறுப்பு வெள்ளைப் பிரதி இதில் இருபத்துநாலில் ஒரு பங்குதான், சுருக்கி வைத்தால் இன்னும் சின்னது. 600 டிபிஐ கேட்க வேண்டியதில்லை. தாளில் இல்லாத தெளிவை ஸ்கேனர் கொண்டுவர முடியாது.

சுத்தம் செய்வது

இதற்கு ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும், இலவசம். மூலப் பிரதியைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொண்டு கீழ்க்கண்ட வரிசையில் போங்கள்.

1. 'கலர்ஸ்' மெனுவில் 'காம்போனென்ட்ஸ்', அதற்குள் 'டீகம்போஸ்'. ஆர்ஜிபி என்று கொடுத்தால் மூன்று சேனலும் மூன்று லேயராகப் பிரியும். சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடுங்கள்.

2. படத்தை நேராக்குங்கள். 'மெஷர்' டூலால் பிளானின் நீளமான படுக்கைக் கோடு ஒன்றின் இரு முனைகளையும் பிடித்து 'ஸ்ட்ரெய்ட்டன்' கொடுத்தால் படம் திரும்பிக்கொள்ளும். தாளின் ஓரத்தைப் பிடிக்காதீர்கள், பார்டர் கோட்டையும் நம்பாதீர்கள். கட்டடத்தின் வெளிச்சுவர் கோடுதான் நமக்குக் கணக்கு.

3. தேவையில்லாத ஓரங்களை வெட்டுங்கள்.

4. 'த்ரெஷோல்ட்' கொடுத்து கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டும் இருக்கும்படி ஆக்குங்கள். ஸ்லைடரை நகர்த்தும்போது கோடுகளைப் பார்க்காமல் அளவு எண்களைப் பாருங்கள். 3க்கும் 8க்கும், 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் தூசி தங்கினால் தங்கட்டும்.

5. 'இமேஜ்' மெனுவில் 'மோட்', அதற்குள் 'இண்டெக்ஸ்டு' போய் 1 பிட் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்து டிஃப் ஆகச் சேமியுங்கள்.

நீலத் தாளில் வெள்ளைக் கோடாக இருக்கும் அசல் புளூபிரிண்ட் கிடைத்தாலும் இதே முறைதான். கடைசியில் 'இன்வர்ட்' கொடுத்துக் கறுப்பை வெள்ளையாக்க வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல்.

புள்ளி புள்ளியாக உட்கார்ந்து தூசியை அழிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். இந்தப் படம் அடியில் கிடக்கப் போகிறது, கடைசியில் அணைக்கப் போகிறோம்.

ஆட்டோகேடுக்குள் கொண்டுவருவது

முதலில் இந்த வேலைக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு, டிராயிங்கை அதற்குள் சேமித்துவிடுங்கள். படமும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும். பிறகுதான் 'இமேஜ்அட்டாச்'. பாத் வகை கேட்கும் இடத்தில் 'ரிலேட்டிவ்' கொடுங்கள். ஆட்டோகேட் படத்தை டிராயிங்குக்குள் விழுங்கிக்கொள்வதில்லை, படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். டிராயிங்கை மட்டும் மெயிலில் அனுப்பினால் அந்தப் பக்கம் ஒரு வெற்றுச் சட்டமும் ஃபைல் பெயரும்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்ப 'இட்ரான்ஸ்மிட்' கட்டளை இருக்கிறது.

படத்துக்குத் தனி லேயர் வையுங்கள். 1 பிட் படமாகச் சேமித்ததன் பலன் இங்கே தெரியும். அப்படிப்பட்ட படத்தின் கறுப்புப் புள்ளிகள் லேயரின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். லேயருக்கு வெளிர் ஆரஞ்சு கொடுத்தால் ஸ்கேன் முழுவதும் ஆரஞ்சாகிவிடும், மேலே நீங்கள் வரையும் வெள்ளைக் கோடு தனியாகத் தெரியும். எதை வரைந்தோம், எதை விட்டோம் என்ற குழப்பமே வராது. 'டிரான்ஸ்பரன்சி'யை ஆன் செய்தால் படத்தின் வெள்ளைப் பகுதியும் மறைந்து பின்னால் இருப்பது தெரியும். கலர் படமாகவே வைத்திருந்தால் 'இமேஜ்அட்ஜஸ்ட்' போய் ஃபேடைக் கூட்டிக்கொள்ளுங்கள். 'டிராஆர்டர்' கொடுத்துப் படத்தைப் பின்னால் தள்ளிவிடுங்கள்.

லேயரை லாக் செய்யும் முன் ஸ்கேலை முடிக்க வேண்டும்.

ஸ்கேல்: தாளில் எழுதியிருப்பதை நம்பலாமா?

பழைய பிளான்களின் மூலையில் "ஸ்கேல்: 8 அடி = 1 அங்குலம்" என்று இருக்கும். அதாவது 1:96. இன்னும் சிலவற்றில் 1:100. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் 30 அடி வீடு 31 அடி 3 அங்குலம் ஆகிவிடும். அது போதாதென்று, அந்தத் தாளே ஒரு ஜெராக்ஸின் ஜெராக்ஸாக, சுருக்கியோ பெருக்கியோ எடுத்ததாக இருக்கலாம். எனவே எழுதிய ஸ்கேலை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். தாளில் எழுதியிருக்கும் ஒரு நீளத்தை வைத்துத்தான் படத்தைப் பெரிதாக்க வேண்டும்.

எந்த நீளம்? இருப்பதிலேயே பெரியது. காரணம் எளிது. படத்தில் ஒரு முனையை கிளிக் செய்யும்போது நாலைந்து பிக்சல் முன்னே பின்னே போகும். 1:96 பிளானில் ஒரு பிக்சல் தரையில் 8 மி.மீ., ஐந்து பிக்சல் 40 மி.மீ. முப்பதடி நீளத்தில் 40 மி.மீ. பிசகினால் அரை சதவீதத்துக்கும் குறைவு. மூன்றடிக் கதவை வைத்து ஸ்கேல் செய்தால் அதே பிசகு நாலரை சதவீதம், வீடு முழுவதும் அந்தக் கணக்கில் பெருத்துவிடும்.

பழைய பிளான் அடி, அங்குலத்தில் இருந்தால் நீங்களும் அடி, அங்குலத்திலேயே வரையுங்கள். 'யூனிட்ஸ்' கட்டளையில் 'ஆர்க்கிடெக்சுரல்' வைத்தால் ஒரு யூனிட் ஓர் அங்குலம். ஒவ்வொரு அளவையும் கால்குலேட்டரில் 304.8 ஆல் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எங்கேயாவது ஒரு இலக்கம் தப்பும். எல்லாம் முடிந்தபின் 'ஸ்கேல்' கட்டளையில் 25.4 கொடுத்தால் ஒரே தடவையில் மி.மீ. ஆகிவிடும்.

இப்போது படத்தைப் பொருத்துவோம். கட்டடத்தின் வெளி நீளம் 27 அடி என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0,0விலிருந்து வலப்பக்கமாக 27 அடிக்குப் படுக்கைக் கோடு ஒன்று வரையுங்கள். பிறகு 'அலைன்' கட்டளை. படத்தைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் வெளிச்சுவரின் இடது மூலையை கிளிக் செய்து, அடுத்து கோட்டின் இடது முனையை கிளிக் செய்யுங்கள். அப்படியே வலது மூலை, வலது முனை. மூன்றாவது புள்ளி கேட்கும்போது என்டர். பொருளை ஸ்கேல் செய்யவா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லுங்கள். நகர்த்தல், திருப்பல், பெரிதாக்கல் மூன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

மூலையை கிளிக் செய்யும்போது மையை எந்தப் பக்கம் பிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். அரை மி.மீ. தடிமன் மைக்கோடு 1:96இல் தரையில் 48 மி.மீ., ஏறக்குறைய இரண்டு அங்குலம். இடது மூலையில் கோட்டின் நடுவைப் பிடித்தால் வலது மூலையிலும் நடுவைத்தான் பிடிக்க வேண்டும்.

பிறகு 'டிஸ்ட்' கட்டளையால் நெட்டுவாக்கில் ஒரு பெரிய அளவைச் சோதியுங்கள். இங்கேதான் பலருக்கு முதல் அதிர்ச்சி. 40 அடி என்று எழுதிய இடம் 40 அடி 4 அங்குலம் காட்டும். தாள் ஈரத்தில் ஒரு திசையில் கூடுதலாக நீளும், ஸ்கேனர் உருளை தாளை இழுக்கும்போதும் கொஞ்சம் வித்தியாசம் வரும். சரிசெய்ய வேண்டுமென்றால் ஜிம்பில் 'ஸ்கேல் இமேஜ்' போய், அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, உயரத்தை மட்டும் குறையுங்கள். உயரம் 9600 பிக்சல் என்றால் அதை 480 ஆல் பெருக்கி 484 ஆல் வகுத்தால் 9521. சேமித்த படத்தை மறுபடி இணைத்து மறுபடி அலைன் செய்ய வேண்டும்.

ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் நான் இதைச் செய்வதில்லை. எப்படியும் எண்களைப் பார்த்துத்தான் வரையப் போகிறோம், அடியில் இருக்கும் படம் சில அங்குலம் விலகித் தெரிந்தால் என்ன? கையால் வரைந்த பிளானில் எண்களே இல்லாத இடங்கள் நிறைய இருந்தால் மட்டும் இந்த மெனக்கெடல் தகும்.

எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது

வரையத் தொடங்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிளானில் இருக்கும் அளவுகளை ஒரு தாளில் எழுதி, வரிசை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வரையப் போனால், பாதி வீடு வரைந்த பிறகு கடைசி அறை மூடாது.

உதாரணத்துக்கு முன்பக்க வரிசையை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர் 9 அங்குலம், ஹால் 15 அடி, நடுவில் நாலரை அங்குலச் சுவர், படுக்கையறை 10 அடி, மறுபக்கம் வெளிச்சுவர் 9 அங்குலம். கூட்டினால் 26 அடி பத்தரை அங்குலம். வெளியே எழுதியிருப்பதோ 27 அடி. ஒன்றரை அங்குலம் எங்கே போனது?

வரைந்தவர் வெளி அளவை முழு எண்ணாக்கி எழுதியிருக்கலாம். அல்லது நடுச்சுவருக்கு இருபுறமும் முக்கால் அங்குலப் பூச்சு சேர்த்து 6 அங்குலம் என்று கணக்கு வைத்திருக்கலாம். அப்படி வைத்தால் மொத்தம் சரியாக 27 அடி வரும். எது சரி என்று படத்தை அளந்து கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். முடியாது. நாலரை அங்குலச் சுவர் ஸ்கேனில் 14 பிக்சல், 6 அங்குலச் சுவர் 19 பிக்சல். வித்தியாசம் 5 பிக்சல், ஒரு மைக்கோட்டின் தடிமனே 6 பிக்சல். கோட்டின் எந்த விளிம்பிலிருந்து அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இதற்குத் தீர்வு டேப்தான். சைட்டுக்குப் போய் அந்தச் சுவரை ஒரு கதவு நிலையருகே அளந்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. போக முடியாவிட்டால் அறை அளவுகளை எழுதியபடி வரைந்து, ஒத்துப்போகாத இடத்தில் 'ரெவ்கிளவுட்' (மேக வடிவச் சுற்றுக்கோடு) போட்டுக் குறிப்பு எழுதுங்கள்: "கூட்டுத்தொகை 26 அடி 10½ அங்குலம், தாளில் 27 அடி, சைட்டில் சரிபார்க்கவும்." ஒன்றரை அங்குலத்தை யாருக்கும் தெரியாமல் ஏதோ ஓர் அறைக்குள் தள்ளி மூடிவிடுவதுதான் செய்யக் கூடாதது. பீம் ஷட்டரிங் அடிக்கும் நாளில் அது மேஸ்திரி தலையில் போய் விடியும்.

வரைவது

இனி நீங்கள் பழகிய வேலை. படத்தின் லேயரை லாக் செய்யுங்கள். எஃப்8 அமுக்கி ஆர்த்தோவை ஆன் செய்யுங்கள், கோடு படுக்கையாகவோ நெட்டாகவோ மட்டும் போகும். வெளிச்சுவரின் வெளிக்கோட்டை எண் தட்டி வரையுங்கள், அப்புறம் 'ஆஃப்செட்' 9 அங்குலம் உள்ளே. ஒவ்வொரு அறையாக ஆஃப்செட், டிரிம். மௌஸால் ஸ்கேன் கோட்டின் மேல் குறிபார்த்து கிளிக் செய்வது அல்ல இது. எந்தக் கோடும் தட்டச்சு செய்த எண்ணிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். ஸ்கேன், நீங்கள் போட்ட கோடு ஏறக்குறைய சரியான இடத்தில் விழுந்ததா என்று காட்டும் சாட்சி மட்டும். கோடு அடிப்படத்தை விட்டு ஆறு அங்குலம் விலகி விழுந்தால் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எண்ணே இல்லாத பொருள்கள் சில இருக்கும்: சன்ஷேடு, படிக்கட்டின் கைப்பிடி, தோட்டத்துச் சுவரின் வளைவு. அவற்றை ஸ்கேனின் மேல் கிளிக் செய்துதான் வரைய முடியும். அதிலும் கொஞ்சம் புத்தி செலவழிக்கலாம். படியின் அகலம் பத்து அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்தால் அது பத்து அங்குலம்தான், 9.87 அல்ல. வளைவுகளுக்கு மூன்று புள்ளி ஆர்க் போதும், ஐம்பது குட்டிக் கோடுகளால் வளைவு வரையாதீர்கள். இப்படி வரைந்தவற்றைத் தனி லேயரில் வைத்தால், எது எழுதிய அளவு, எது கண்ணளவு என்று பிற்பாடு வருபவருக்கும் தெரியும்.

கதவு, ஜன்னல்களை பிளாக்காக (ஒரு தடவை வரைந்து பல இடத்தில் வைக்கும் தொகுப்பாக) போடுங்கள். பழைய பிளானின் ஓரத்தில் 'டி', 'டி1', 'டபிள்யூ' என்று அட்டவணை இருக்கும், அளவுகளை அங்கிருந்து எடுங்கள். எழுத்துகளையெல்லாம் புதிதாகத் தட்டச்சு செய்வதுதான் நல்லது. தமிழில் எழுத்து வேண்டுமென்றால் டெக்ஸ்ட் ஸ்டைலில் நிர்மலா யுஐ போன்ற யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டோகேடின் பழைய எஸ்ஹெச்எக்ஸ் எழுத்துருக்களில் தமிழ் போட்டால் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நிற்கும்.

பட்டனை எப்போது அமுக்கலாம்?

தானாக மாற்றும் மென்பொருள் படத்தின் கறுப்புப் பகுதிகளைத் தேடி அவற்றின் ஓரத்தைக் கோடாக்குகிறது. இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளின் 'டிரேஸ் பிட்மேப்' அப்படித்தான். அதற்கு ஒரு மைக்கோடு என்பது ஒல்லியான கறுப்புப் பட்டை. எனவே ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு வரும். கோட்டின் நடுவை மட்டும் பிடிக்கும் 'சென்டர்லைன்' வகையும் உண்டு, இன்க்ஸ்கேப் 1.0 முதல் இருக்கிறது, விண்டோப்போ, ஸ்கேன்2கேட் போன்றவற்றிலும் இருக்கிறது. அது பரவாயில்லை. ஆனாலும் மூலைகள் மழுங்கும், நேர்க்கோடு நாலு துண்டாக ஒடிந்து லேசாக நெளியும், விட்டுவிட்டு வரும் கோடு தனித்தனித் துண்டாகும், எண்கள் கோட்டுக் குப்பையாகும். 15 அடிச் சுவர் 14 அடி 11.3 அங்குலமாக வந்து உட்காரும். அதையெல்லாம் திருத்தும் நேரத்தில் வீட்டையே வரைந்துவிடலாம்.

இதே பட்டன் வேறு வேலைகளுக்கு அருமையாக உதவும். பூஜை அறைக் கதவின் ஜாலி (துளைப் பின்னல்) டிசைன், இரும்பு கேட்டின் கொடிப்பூ, கடை போர்டு லோகோ, இவற்றை கம்ப்யூட்டர் ஃபைலைப் பார்த்து வெட்டும் சிஎன்சி மெஷினில் வெட்டக் கொடுக்க வேண்டுமென்றால் நமக்குத் தேவையே ஓரக் கோடுதான். கண்டூர் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) நிறைந்த நில வரைபடத்தை சென்டர்லைன் முறையில் மாற்றலாம். ஆட்டோகேடின் ராஸ்டர் டிசைன் டூல்செட் கையில் இருந்தால் அதில் கண்டூர் ஃபாலோவர் என்று ஒன்று உண்டு. ஒரு கோட்டில் கிளிக் செய்தால் அது தானே கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், சந்தி வந்தால் நின்று எந்தப் பக்கம் போகவென்று கேட்கும்.

இன்க்ஸ்கேப் வழியாகப் போனால், டிரேஸ் செய்தபின் ஒரு தடவை 'சிம்ப்ளிஃபை' கொடுங்கள். அடியில் இருக்கும் மூலப் படத்தை அழித்துவிட்டு ஆட்டோகேட் திறக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் ஃபைலாகச் சேமிக்கும்போது யூனிட் மி.மீ. என்று தேர்ந்தெடுங்கள். ஆட்டோகேடில் திறந்ததும் 'ஓவர்கில்' கொடுத்தால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள் போகும். அப்புறம் 'பிஎடிட்', அதில் 'மல்டிப்பிள்', 'ஜாயின்', சின்னதாக ஒரு ஃபஸ் அளவு (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்பது). பிரிந்து கிடக்கும் முனைகள் ஒட்டிக்கொள்ளும். வெட்டுவதற்குக் கொடுக்கும் ஃபைலில் ஒவ்வொரு வடிவமும் மூடியிருக்க வேண்டும். ஒரு முனை திறந்திருந்தாலும் மெஷின்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

நிலத்து வரைபடம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எஃப்எம்பி ஸ்கெட்சையும் (நில அளவைப் புலப்படம்) வரையச் சொல்லி வருவார்கள். பழைய புலப்படங்களில் அளவு லிங்க்சில் இருக்கும். ஒரு லிங்க் 0.66 அடி, அதாவது 20.1168 செ.மீ. ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். லிங்க்சிலேயே வரைந்து பரப்பைப் பார்த்து, சென்ட் கணக்கு ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்தபின் மீட்டருக்கு மாற்றுங்கள். அதிலும் ஸ்கேனை டிரேஸ் செய்யக் கூடாது, எழுதிய அளவுகளைக் கொண்டு முக்கோணம் முக்கோணமாகத்தான் கட்ட வேண்டும்.

மாற்றம் கொஞ்சம்தான் என்றால்

சில நேரம் முழு வீட்டையும் வரைய வேண்டிய அவசியமே இருக்காது. பின்பக்கம் ஒரு பாத்ரூம் மட்டும் சேர்க்க வேண்டும், பேசிப் பார்க்க ஒரு பிரிண்ட் போதும் என்பார்கள். அப்போது ஸ்கேனை ஸ்கேலுக்குக் கொண்டுவந்து, மாறும் இடத்தை மட்டும் 'வைப்அவுட்' போட்டு மறைத்து, அதன்மேல் புதிதாக வரைந்து பிரிண்ட் எடுங்கள். பாதி படம், பாதி கோடு. ஜிம்பில் அந்தப் பகுதியை வெள்ளையடித்துவிட்டும் செய்யலாம். பார்க்கக் கொஞ்சம் ஒட்டுப்போட்டது போல இருக்கும், ஆனால் ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். ஒப்புதலுக்குப் போகும் பிளானுக்கு மட்டும் இந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

கொடுப்பதற்கு முன்

எல்லா அளவுகளையும் ஆட்டோகேடின் டைமென்ஷன் கட்டளையால் போட்டு, காட்டும் எண்ணைத் தாளில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒன்று தப்பாக வந்தால் கோட்டை நகர்த்துங்கள். டைமென்ஷன் எழுத்தை மட்டும் கையால் மாற்றி எழுதிவிடும் பழக்கம் சில ஆபீஸ்களில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். எழுத்தில் 15 அடி, கோட்டில் 14 அடி 10 அங்குலம் என்று ஒரு ஃபைல் வெளியே போனால், அதை வைத்து அடுத்தவர் போடும் ஒவ்வொரு கணக்கும் கெடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பழைய தாளின் அதே ஸ்கேலில் ஒரு பிரிண்ட் எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். விட்டுப்போன வென்டிலேட்டர், இடம் மாறிய கதவு எல்லாம் உடனே கண்ணில் படும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுதான் அதிகமாகத் தப்பும் இடம்.

அதன்பின் மி.மீ. தேவையென்றால் 25.4 ஆல் ஸ்கேல் செய்யுங்கள். பயன்படாதவற்றை நீக்கும் 'பர்ஜ்', ஃபைலின் பிழைகளைத் திருத்தும் 'ஆடிட்' இரண்டையும் ஓட்டுங்கள். வாங்குபவரிடம் பழைய பதிப்பு இருக்கலாம், கேட்டுக்கொண்டு 2013 அல்லது அதற்கும் முந்தைய ஃபார்மேட்டில் சேமியுங்கள். ஸ்கேனை டிட்டாச் செய்யாமல் லேயரை மட்டும் அணைத்து, இட்ரான்ஸ்மிட்டில் சேர்த்தே அனுப்புங்கள், சந்தேகம் வந்தால் அவரே ஆன் செய்து பார்த்துக்கொள்வார்.

பழைய தாளில் இருக்கும் ஒப்புதல் முத்திரை, என்ஜினியர் கையெழுத்து, ஒப்புதல் எண் எதையும் புதிய டிராயிங்கில் ஒட்டாதீர்கள். நீங்கள் வரைந்தது ஒப்புதல் பெற்ற பிளான் அல்ல, அதைப் பார்த்து வரைந்த பிரதி. டைட்டில் பிளாக்கில் எந்தத் தேதியிட்ட எந்தத் தாளிலிருந்து வரைந்தது, சைட்டில் எந்தெந்த அளவு சரிபார்த்தது, எவை சரிபார்க்கவில்லை என்று இரண்டு வரி எழுதிவிட்டு ஃபைலை அனுப்புங்கள்.